உலகம்மாளின் முன்வாசல்

அசையக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு நகர்ந்த மறுகணமே உலகம்மாளுக்கு மூக்கு நுனியில் அரிக்கத் தொடங்கியது. காலையில் தென்காசியில் பஸ் ஏறினதிலிருந்து, மதுரை வந்து இந்த ஆஸ்பத்திரி மேசையில் மல்லாந்து படுக்கிற வரைக்கும் இருக்கிற இடம் தெரியாமல் இருந்த மூக்கு, இப்போதுதான் நானும் இருக்கிறேன் என்று எழுந்து உட்காருகிறது. சொறியக் கையைத் தூக்கினால் படம் கலைந்துவிடுமாம். மேலே ஒரு பெரிய தட்டைப் பெட்டி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நேராகக் கவிழ்ந்து நிற்கிறது. அதுதான் கேமராவாம். கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் கேமராக்காரர்களைத் தெரியாதா? தாலி கட்டுகிற நேரம் பார்த்து முதுகைக் காட்டி மறைத்து நிற்கிறவன், ஐயர் தலைக்கு மேல் விளக்கைப் பிடிக்கிறவன், இப்போது புதிதாகத் தும்பி மாதிரி ஒன்றைப் பறக்கவிடுகிறவன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. வயிற்றுக்குள் இருப்பதை வெளியில் நின்று பிடிக்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கையில் குத்தின ஊசி வழியாக என்னவோ ஒரு மருந்து ஜில்லென்று முழங்கை வரைக்கும் ஏறியது, அதற்கப்புறம் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ஒரு மணி நேரந்தாம்மா, பேசாம கெடக்கணும், கேட்டீங்களா? மருந்து நேரா லிவருக்குப் போவும். அஞ்சு நிமிஷத்துல பளிச்சுன்னு வந்துரும்" என்றாள் அந்தப் பெண். பெனிட்டா என்று சட்டையில் எழுதியிருந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது. ஊசி போடும்போது மணிக்கட்டில் இருந்த தழும்பைத் தடவி இது என்ன என்று கேட்டாள். சின்னப் பிள்ளையில் காமாலைக்குச் சூடு போட்டது என்றதும் ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதில் ஐயோ சொல்ல ஒன்றும் இல்லை. வலித்தது மறந்தே போயிற்று. சூடு போட்ட ஆள் பிறகு உள்ளங்கையில் வைத்த கருப்பட்டித் துண்டுதான் ஞாபகத்தில் இருக்கிறது, அதுவும் நல்ல உடன்குடிக் கருப்பட்டி, வாயில் போட்டதும் அழுகை நின்றது. இப்போது ஒரு துண்டு கிடைத்தால் எப்படி இருக்கும். நேற்று ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. வெறும் வயிறு, குளிர், மூக்கு அரிப்பு. கருப்பட்டியிலிருந்து மனசு காப்பிக்குப் போயிற்று, காப்பியிலிருந்து மண்டபத்துச் சமையல்கட்டுக்கு, சமையல்கட்டிலிருந்து பின்வாசலுக்கு, பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு. அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது. முன்வாசல் சாவி.

சாவியைக் கொடுக்கவில்லை! நாளைக்குக் கல்யாணம், இன்று ராத்திரி பெண்ணழைப்பு, மத்தியானமே சமையல் மாஸ்டர் காய்கறி மூட்டைகளோடு வந்து இறங்குவார். சாவியைப் பக்கத்துப் பூக்கடையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நேற்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிச் சொல்லியே கொடுத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கொத்துச் சாவி அவள் கைப்பையில் இருக்கிறது, கைப்பை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குற்றாலிங்கத்தின் மடியில் இருக்கிறது. அந்த மனுஷன் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கமாட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி பையைத் திறந்து பார்க்காத ஆண்பிள்ளை தென்காசி ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். பெனிட்டாவைக் கூப்பிடலாமா? பேசினால் வயிறு ஏறி இறங்கும். படம் கலையும். கலைந்தால் மறுபடி முதலிலிருந்து. மாஸ்டர் வெயிலில் நிற்பார். கத்தரிக்காய் வாடும். கீரை வாடும். வாடட்டும், இன்னொரு கீரை வாங்கலாம். கல்லீரல் வாடினால்? உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தாள். டாக்டர் நவநீதன்தான் போன வாரம் சொன்னார்: "இந்த ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிரும்மா. லிவர் கெட்டுப்போய்த்தான் கண்ணு மஞ்சளா இருக்கா, இல்ல பொறந்ததுலருந்தே உங்க அமைப்பு இப்படித்தானான்னு." அவ்வளவுதான் விஷயம். ரெண்டில் ஒன்று. ஒன்றாக இருந்தால் வீட்டுக்குப் போய் சாவியைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கலாம். மற்றதாக இருந்தால் குற்றாலிங்கம் தன் வயிற்றைக் கிழித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி வந்து நிற்பார்.

டாக்டர் சின்ன வயசு, மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை. ஆனால் பொறுமையாகப் பேசுகிற பிள்ளை. கல்லீரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி அறைகள் இருக்கின்றனவாம், ஒவ்வொரு அறைச் சுவரிலும் குட்டிக் குட்டியாக வாசல்கள், வாசலுக்கு வாசல் ஆள். ரத்தத்தோடு வருகிற மருந்தை ஒரு பக்கத்து ஆள் பிடித்து உள்ளே இழுப்பானாம், உள்ளே வேலை முடிந்ததும் மறுபக்கத்து ஆள் பித்தத்துக்குள் தள்ளிவிடுவானாம். பித்தத்தோடு குடலுக்குப் போய் வெளியே போய்விடும். எல்லா மருந்தும் எல்லா வாசலிலும் நுழைய முடியாதாம், இன்ன மருந்துக்கு இன்ன வாசல். இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? முன்வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே விடுகிறோம், பந்தி முடிந்ததும் எச்சில் இலை பின்வாசல் வழியாகப் போகிறது. மாப்பிள்ளை வருகிற வழியில் காஸ் சிலிண்டர் வராது. உலகம்மாள் அதைச் சொன்னதும் டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார், "இத நான் கிளாஸ்ல சொல்லப் போறேம்மா" என்றார். முன்வாசல் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். வந்தவர்கள் தெருவில் சுத்துவார்கள் என்றாள். அதேதான் என்றார். அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னோமே, இன்றைக்கு நிஜமாகவே பூட்டிவிட்டு வந்திருக்கிறோமே. எல்லாம் அந்தக் கொழுப்பு மாத்திரையால் வந்தது. ரத்தத்தில் கொழுப்பு என்று ஊரில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார். தின்ன ஆரம்பித்த கொஞ்ச நாளில் தொடையும் ஆடுசதையும் அம்மிக்குழவியால் அடித்த மாதிரி வலித்தன. மண்டபத்து மாடிப்படி ஏறி மணப்பெண் அறையைக் கூட்ட முடியவில்லை. வயசு என்று நினைத்தாள். குற்றாலிங்கம் தைலம் வாங்கிவந்து தேய்த்தார். பெரிய உள்ளங்கை அவருக்கு, தேய்த்தால் சூடு நிற்கும். வலி போகவில்லை, ஆனால் அவர் தேய்க்கட்டும் என்று கொஞ்ச நாள் இருக்கிற வலிக்கு மேல் கூடுதலாகவே முனகியிருக்கிறாள். அது வேறு கதை.

கண் மஞ்சளாக இருந்தது எந்த நாளில்தான் இல்லை? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அம்மா புகட்டாத மாசம் கிடையாது. உப்பில்லாத பத்தியச் சோறு, எண்ணெய் காட்டாத குழம்பு. பள்ளிக்கூடத்தில் மஞ்சக்கண்ணி. ஆனால் நோய் மாதிரி ஒன்றையும் அவள் கண்டதில்லை, தவலையைத் தூக்கினாள், ஓடினாள், ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றாள். அம்மா, தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். டாக்டர் அதை மட்டும் ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். அந்த அம்மாதான் பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பெரிய யோசனை பண்ணினாள். கண் மஞ்சள் தெரியக் கூடாது என்று முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் கட்டி மஞ்சளை உரசி உரசிப் பூசினாள். முகமே மஞ்சளாக இருந்தால் கண்ணை யார் தனியாகப் பார்க்கப் போகிறார்கள் என்று கணக்கு. போதாததற்குக் கூடத்தில் இருந்த குழல்விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் குண்டுபல்பு மாட்டினாள். வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாருமே அன்றைக்கு மஞ்சளாகத்தான் இருந்தார்கள், மாப்பிள்ளையின் பல் உட்பட. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு மாசத்தில் குற்றாலிங்கத்துக்குத் தெரிந்துபோயிற்று, குளித்து வந்து பகல் வெளிச்சத்தில் நின்றவளைப் பார்த்து, "என்ன உலகு, மஞ்ச கண்ணுக்குள்ளயுமா பூசுத?" என்றார். சாகப் போகிறோம் என்று அவள் நினைத்தாள். உண்மையைச் சொன்னாள். அவர் "எங்கம்ம பூனைக்கும் இப்படித்தான் இருக்கும், நல்லா எலி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை நினைத்து இப்போது சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு குலுங்கும். உதட்டைக் கடித்து அடக்கினாள். மண்டபத்துக்கு வந்த பிறகு பெண்களெல்லாம் அவளை மஞ்சள் பூசிப் பூசியே கண்வரைக்கும் ஏறிவிட்ட மகராசி என்று நினைத்துக்கொண்டார்கள், ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தார்கள். அவளும் மறுத்துச் சொல்லவில்லை. அவள் ஆரத்தி எடுத்த ஜோடியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் இல்லை, முக்கால்வாசி.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை மருந்துக்கடைப் பரமசிவம் கெடுத்தான். கால்வலிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையை வாங்கிப் பார்த்துவிட்டு, மஞ்சள் அளவு கூடியிருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குற்றாலிங்கத்திடம் "அண்ணாச்சி, லிவர் பாதி போயிட்டு. ஆள் யாராவது தன் லிவர்ல வெட்டிக் குடுத்தாத்தான் உண்டு" என்றான். யாரோ சொந்தக்காரனுக்கு அப்படி ஆயிற்றாம். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே குற்றாலிங்கம் முடிவு பண்ணிவிட்டார். மகள் செண்பகவல்லி பெங்களூரிலிருந்து போனில் நான் தருகிறேன் என்று அழுதபோது, "நீ சும்மா கெட, பிள்ளகுட்டிக்காரி. எங்கிட்ட இருக்கு, நான் தாரேன்" என்று ஏதோ வீட்டில் உபரியாகக் கிடக்கிற குத்துவிளக்கைச் சொல்வது மாதிரி சொன்னார். அன்றிலிருந்து பரோட்டாவை விட்டார். பரோட்டா என்றால் அந்த மனுஷனுக்கு உயிர். சால்னாவில் ஊறவைத்து மூன்று, கையோடு இன்னும் ஒன்று. கல்யாண வீட்டில் மிஞ்சின அல்வாவைத் தொடுவதில்லை. சாரல் காலத்துச் சூடான பஜ்ஜிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடிகாலையில் எழுந்து கோயிலைச் சுற்றி நடந்தார். வயிற்றின் வலது பக்கத்தைத் தடவி, "இங்கனதான இருக்கும்?" என்று கேட்டார். மறுவீட்டு விருந்துக்கு மாஸ்டர் ஆட்டு ஈரலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குத்தவைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஈரலும் தின்பதில்லை. ஏன் என்று கேட்டால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். உலகம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு சமையல்கட்டுக்குப் போய் அழுதாள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சின்ன முள் குத்தினாலே ஆற நாளாகும். அந்த வயிற்றில் கத்தி போட விடுவதா? மாட்டாள். செத்தாலும் மாட்டாள். ஆனால் அவர் கேட்கமாட்டார். அவர் கேட்காதது தெரிந்துதான் அவளுக்குப் பயம். செத்துப்போவது கூடப் பெரிதாகத் தெரியவில்லை, எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். அவர் தனக்காக ஒரு பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டு, சக்கர வண்டியில் படுத்துப் போவாரே, அதைத்தான் நினைக்க முடியவில்லை.

கண்ணைத் திறந்தாள். இடது ஓரத்தில் ஒரு திரை தெரிந்தது, கருவிழியை நன்றாக உருட்டினால் முழுசாகவே பார்க்கலாம். கறுப்புத் திரையில் அரிசி மாவைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பொட்டலம், அது நெஞ்சாக இருக்கும். கீழே ரெண்டு பக்கமும் ரெண்டு மொச்சைக் கொட்டை. பளிச்சென்று வரும் என்ற கல்லீரலைக் காணோம். அது பெரிதாக முக்கோணமாக வலது பக்கம் வரும் என்று பெனிட்டா முதலிலேயே விரலால் காட்டியிருந்தாள். விரல் காட்டின இடம் கறுப்பாகவே கிடந்தது. அஞ்சு நிமிஷம் ஆகவில்லையோ என்னவோ. ஆகியிருக்கும், மூக்கு அரிப்பே நின்றுபோயிற்றே. பெனிட்டா திரைக்குப் பக்கத்தில் வந்தாள், போனாள், மறுபடி வந்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வரத் தாமதமானால் பெண்வீட்டுக்காரர்கள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்களே, அந்த நடை. உலகம்மாளுக்கு அந்த நடை அத்துப்படி. பெனிட்டா போனை எடுத்துக் கதவோரம் போய் மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசினால்தான் காது கூர்மையாகிறது. "சார், லிவரே வரல சார். ஹார்ட்டும் கிட்னியுந்தான் தெரியுது... ஆமா சார், ஊசி சரியாத்தான் போட்டேன்." லிவரே வரல. லிவரே. பாதி போய்விட்டது என்றானே பரமசிவம், பாவி, கம்மியாகச் சொல்லியிருக்கிறான், முழுசாகவே போயிற்று. அந்த இடம் காலி. பூட்டின மண்டபம். எப்போது போயிற்று? கால்வலி வந்தபோதா, அதற்கு முன்னாலேயா? போனது கூடத் தெரியாமல் போன மாசம் மூன்று கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை பார்த்தோமே. உலகம்மாளுக்குக் குளிர் அதிகமானது. அவரிடம் என்ன சொல்வது? சரியாகிவிட்டது என்று பொய் சொல்லலாமா? பொய் சொன்னால் முகத்தில் தெரியும். கண் மஞ்சளை மறைக்க அம்மாவாவது இருந்தாள். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, பாத்திர அறையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், பெரிய அண்டாவின் காது ஆடுகிறது, பற்றவைக்கச் சொல்ல வேண்டும். அவர் அதையெல்லாம் கேட்பாரா? வயிற்றைத் தடவிக்காட்டுவார். வேண்டாம், வேண்டாம், அது உங்களுக்குள்ளேயே இருக்கட்டும், நான் நன்றாக வாழ்ந்துவிட்டேன். இதை நினைத்தவுடனே அது உண்மை என்று அவளுக்குத் தோன்றியது. நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கக் கூடாது. அசையக் கூடாது. காதுக்குள் நீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் நவநீதன் வேகமாக உள்ளே வந்தார், அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்தது கெட்ட செய்தி கொண்டுவருகிறவன் முகம் இல்லை. தொலைந்த பாத்திரம் கிடைத்தவன் முகமாக இருந்தது. "அம்மா, அழறீங்களா? எதுக்கு?" என்றார். "லிவரே இல்லைன்னுட்டாங்களே சார்" என்றாள் உலகம்மாள், படம் கலைந்தாலும் கலையட்டும் என்று. அவர் சிரித்துவிட்டார். "லிவர் இருக்கும்மா, கல்லு மாதிரி இருக்கு. போன வாரம் வயித்துல ஜெல் தடவிப் பாத்த ஸ்கேன்லயே பாத்தோமே. ரத்தத்துலயும் மஞ்சள் அளவு தவிர மத்ததெல்லாம் சுத்தம். லிவர் கெட்டிருந்தா அது அப்படி இருக்காது. இந்த மருந்து உள்ள போகலை, அவ்வளவுதான். இது நுழையற முன்வாசல் உங்க லிவர்ல பொறக்கும்போதே வேலை செய்யலை. அம்மா வழி, அப்பா வழி ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம் பாருங்க, ரெண்டு பேர்கிட்டருந்தும் அதே குறை வந்திருக்கு. கண்ணுல நிக்கிற மஞ்சளும் அதே வாசல்தான், உள்ள போக முடியாம கொஞ்சம் ரத்தத்துலயே சுத்துது. அதால ஒரு கெடுதலும் இல்ல. ஆயுசுக்கும் இல்ல. சென்னைக்கு ஒரு ரத்தம் அனுப்பி உறுதி பண்ணிக்குவோம், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல." பிறகு கொழுப்பு மாத்திரையைச் சொன்னார். அதற்கு வேலை கல்லீரலுக்குள்தான், ஆனால் அதுவும் அந்த வாசலில் நின்று தட்டிப் பார்த்துவிட்டு, திறக்காததால் ரத்தத்தோடு அலைந்து காலில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை அன்றோடு நிறுத்தச் சொன்னார். இனி எந்த டாக்டரிடம் போனாலும் இந்த வாசல் விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும், வேறு வழியில் போகிற மருந்தாகப் பார்த்து எழுதுவார்கள். உலகம்மாள் தலையை ஆட்டினாள். அம்மா மோரில் கலக்கிப் புகட்டின கீழாநெல்லி, கையில் போட்ட சூடு, தின்னாமல் விட்ட குழம்பு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கோபம் வரவில்லை. கருப்பட்டி மட்டும் நஷ்டமில்லை என்று நினைத்தாள். மீதி நேரம் படுத்துக்கிடந்தது ஊஞ்சலில் படுத்த மாதிரி இருந்தது, மூக்கு மறுபடி அரித்தது, அரிக்கட்டும் என்று விட்டாள்.

வெளியே குற்றாலிங்கம் கைப்பையை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். முதலில் சாவியைத்தான் கேட்டாள். "மாஸ்டர் போன் போட்டாருல்லா. பூட்டிக் கெடக்குன்னு ரோட்டுலயே பாய விரிச்சுக் காய் வெட்ட ஆரம்பிச்சுட்டாங்களாம். தெருவே கல்யாண வீடா ஆயிட்டுன்னு சொல்லுதாரு. ராத்திரிக்குள்ள போனாப் போதும். அத விடு, என்ன சொன்னாவ?" என்றார். உலகம்மாள் சொன்னாள். முன்வாசலைச் சொன்னாள், மாத்திரையைச் சொன்னாள், ஆயுசுக்குக் கெடுதல் இல்லை என்பதை ரெண்டு தடவை சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கண் கலங்கி, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பெரிய மூச்சாக விட்டார். பிறகு துண்டை எடுத்தபோது அந்த முகத்தில் இன்னொன்றும் இருந்தது. மொய்க்கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, யாரும் வாங்காமல் திரும்பிப் போகிறவர் முகம். வலது பக்க விலாவைத் தடவிக்கொண்டார்.

"அப்ப என்னோடது வேண்டாமா?"

உலகம்மாள் அவ்வளவு பேர் நடமாடுகிற ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"யாரு சொன்னா வேண்டாம்னு? குடுத்தது குடுத்ததுதான், அது எம்பொருளு. அங்கனயே இருக்கட்டும், பத்திரமா வச்சிருங்க."

அவருக்கு மெதுவாகச் சிரிப்பு வந்தது. பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் கல்லில் பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்டதும் கால் தானாக நின்றது.

"ஏ உலகு. ரெண்டு திங்கலாமா?"

"ரெண்டு தின்னுங்க. எனக்கும் ரெண்டு சொல்லுங்க, சால்னாவோட."

"மூணு?"

"எம்பொருளுக்கு ஆகாது" என்றாள்.